தோள் மாத்துற பாட்டு

எங்க கிருபைவிளையில பெட்டிக்கு எடை போன கதைய ஊருக்கு ஒரு விதமாச் சொல்லுதாங்க, பெட்டி ஆகாயத்துல பறந்துச்சுன்னும், செத்தவன் மூடியத் தட்டித் தண்ணி கேட்டான்னும் வாய்க்கு வந்தபடி அளக்காங்க, அதையெல்லாம் நம்பாதீங்க. நடந்தது இவ்வளவுதான்: பாட்டு வாத்தியார் ஞானாதிக்கம் எழுதுன ஒரு அடக்கப் பாட்டு இருந்துச்சு, அதைப் பாடிக்கிட்டே சவப்பெட்டியத் தூக்கிட்டுப் போனா, மூணாவது அடியில பெட்டிக்குள்ள இருக்கவங்களோட எடை போயிரும். நான் அந்தப் பாட்டுக்குழுவுல ரெண்டாங்குரல் பாடுனவ. எந்த இடத்துல மூச்சு விடணும், எந்த இடத்துல பெட்டி லேசாகும்னு எனக்குத் தெரியாம வேற எவளுக்குத் தெரியப் போகுது?

கோயில் தேரிக்கு இந்தப் பக்கம், கல்லறைத் தோட்டம் தேரிக்கு அந்தப் பக்கம். தேரின்னா செம்மணல் மேடு, ஒண்ணு ஏறி இறங்கினா இன்னொண்ணு நிக்கும், காலை வச்சா கெண்டைக்கால் வரைக்கும் உள்ள இழுக்கும், காத்து அடிச்சா நேத்துப் போன பாதை இன்னைக்கு இருக்காது. எந்த மகராசன் அங்க போய்க் கல்லறைக்கு இடம் பாத்தானோ, அவன் பெட்டியத் தூக்கிப் பாத்திருக்க மாட்டான். எட்டு ஆம்பளைங்க தூக்கணும், இன்னொரு எட்டுப் பேரு பின்னாலயே வரணும், தூக்குறவன் மூச்சு முட்டி "தோள் மாத்து!"ன்னு கத்தினா பின்னால வாறவன் ஓடியாந்து தன் தோளைக் கீழ குடுக்கணும், என்ன ஆனாலும் பெட்டி மணல்ல படக் கூடாது. பட்டுச்சுன்னா, செத்தவங்களை நடுவழியில இறக்கிவிட்ட ஊருன்னு பேரு வந்துரும்.

என் வீட்டுக்காரர் எலியாசர் பெட்டி தூக்குறதுல முன்வரிசை. அடக்கம் முடிஞ்சு வந்தா தோள் பணியாரம் மாதிரி வீங்கிக் கிடக்கும். தேங்காயெண்ணெயில கற்பூரம் போட்டுக் காய்ச்சி, கை பொறுக்குற சூட்டுல தேய்ச்சுவிடுவேன். அன்னைக்கு ஊருல எல்லா வீட்டுலயும் கற்பூர வாசம்தான். செத்த வீட்டுல வாயத் திறக்காம நின்ன ஆம்பளைங்க எல்லாம் பொண்டாட்டி கை தோள்ல பட்டதும் அழுவாங்க. ஏம்பா அழுதீங்கன்னு பிள்ளைங்க கேட்டா, "தோளு வலிக்குதுல்ல"ம்பாங்க. நல்ல வலி!

ஞானாதிக்கம் வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்துல பாடம் சொல்லுறது வேலை, பாட்டு எழுதுறது உயிரு. ஞானஸ்நானமா, கல்யாணமா, அசன விருந்தா, எதுவா இருந்தாலும் ஒரு புதுப்பாட்டு கட்டிருவாரு. அவரு ஆர்மோனியத்துல ஒரு கட்டை அமுங்காது. அதைச் சரி பண்ண மாட்டாரு, அந்த ஸ்வரத்தை விட்டுட்டு மெட்டுப் போடுவாரு, அதனால அவரு பாட்டுல எல்லாம் ஒரு இடத்துல தாண்டுற மாதிரி இருக்கும், பாடுற நாங்களும் ஓடைய தாண்டுற மாதிரி சேலையத் தூக்கிப் பிடிச்சுத் தாண்டிப் பழகிட்டோம். யாராவது செத்துட்டா அந்த வீட்டுக்குப் போவாரு, அழுறவங்க பக்கத்துல உக்காருவாரு, "அவுக அடிக்கடி என்ன சொல்லுவாக?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேப்பாரு. வாற பதிலை வச்சுப் பெட்டி எடுக்கதுக்குள்ள பாட்டு வந்துரும்.

பெரிய அருமைநாயகம் செத்தப்போ அதே கேள்வியத்தான் அவரு சம்சாரம் தங்கபுஷ்பத்துக்கிட்ட கேட்டாரு. அருமைநாயகம் எப்பேர்ப்பட்ட ஆளு தெரியுமா, அசனத்துல அவருக்குன்னு தனி இலை ரெண்டு போடணும், உக்காந்தா எந்திரிக்க ரெண்டு பேரு வேணும். தங்கபுஷ்பம் மூக்கைச் சிந்திக்கிட்டு, "என்னத்தச் சொன்னாரு வாத்தியாரே, 'தோளைக் குடுட்டி, எந்திரிக்கணும்'னுதான் நாள்பூரா சொல்லுவாரு"ன்னா. வாத்தியார் சிரிக்கல. மத்தியானத்துக்குள்ள பாட்டைக் கட்டி எங்களைக் கூப்பிட்டுப் பழக்கிட்டாரு.

தோள் மாற்ற வாரும் ஐயா – என் சுவாமி
தோள் மாற்ற வாரும் ஐயா
கால் ஓய்ந்து போகுதையா – மணல்மேட்டில்
கதிர் சாயும் நேரமையா

தேரி ஏறும்போது நாங்க பாடுனோம். வாத்தியார் முன்னால நடந்தாரு, இடது தோள்ல அவரு மக எப்சிபா, அப்ப அது நடை பழகுன பிள்ளை, வலது கை தாளம் போடணும்ல, அதனால பிள்ளைக்கு எப்பவும் இடது தோள்தான். கால் ஓய்ந்து போகுதையான்னு நாங்க மூணாவது அடியத் தூக்கினோம், பெட்டி தூக்குன எட்டுப் பேரும் ஒண்ணா முன்னால தடுமாறினாங்க. அடிப்பலகை கழண்டு அருமைநாயகம் கீழ விழுந்துட்டாருன்னு நினைச்சு எலியாசர் "ஐயையோ!"ன்னு அலறுனாரு. திரும்பிப் பாத்தா மணல்ல யாரும் இல்ல. மூடியத் திறந்து பாத்தாங்க. உள்ளேதான் படுத்திருந்தாரு, வேட்டி சட்டை கலையாம, வயிறு நிறைஞ்ச முகத்தோட. சபைக் குருவானவரை நாங்க ஐயர்ம்போம், எங்க ஐயர் குனிஞ்சு பாத்துட்டு, "மூடுங்க, பொழுது சாயுது, பாட்டை நிறுத்தாதீங்க"ன்னாரு. அவ்வளவுதான். யாரும் கேக்கல, யாரும் பயப்படல. நாலு பேரு விலகிட்டாங்க, மிச்சம் நாலு பேரு பேசிக்கிட்டே கொண்டுபோய்ச் சேத்தாங்க.

அதுக்கப்புறம் எல்லா அடக்கத்துக்கும் அந்தப் பாட்டுதான், நாலு பேரு ரெண்டு பேரானாங்க, தாலி அறுத்த பொம்பளைங்க புருசன் பெட்டிய தாங்களே ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க, ஆடி மாசம் காத்து பலமா அடிச்சா பெட்டி பறந்துராம இருக்க பனைநாருக் கயிறு போட்டுக் கட்டிக்கிட்டாங்க. நடுவுல பாட்டை நிறுத்திப் பாத்தோம், போன எடை திரும்பல. ஒரு தடவை போனா போனதுதான். ஒரு முட்டாப்பய ஆட்டுரல் பக்கத்துல நின்னு அந்தப் பாட்டைப் பாடிட்டு உரலைத் தூக்கி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டான். சுத்துப்பட்டு ஊருல இருந்தெல்லாம் எங்க குழுவைக் கூப்பிட வந்தாங்க, அம்மன் கோயில் தெருக்காரங்க வந்து, "பாட்டுல எங்க சாமி பேரைப் போட்டுக்கிடலாமா வாத்தியாரே?"ன்னு கேட்டாங்க, வாத்தியார், "தோள் குடுக்குறவன் பேரை நீங்க எப்படி வேணும்னாலும் கூப்பிடுங்க அண்ணாச்சி"ன்னாரு, அவங்களுக்கும் லேசாச்சு. பேராயத்துல இருந்து மூணு ஐயருமாரு விசாரிக்க வந்தாங்க, கருப்பட்டி நிறுக்குற தராசுல ஒரு பெட்டிய நிறுத்துப் பாத்தாங்க, பெட்டிப்பலகை எடை மட்டும்தான் இருந்துச்சு, கோழிக்குழம்பு சாப்பிட்டாங்க, பாட்டுல வேதத்துக்கு விரோதமா ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு வண்டி ஏறிட்டாங்க.

நல்லதுதானேன்னு இருந்தோம். என் வீட்டுல கற்பூரம் வாங்குறதே நின்னு போச்சு. அடக்கம் முடிஞ்சு வந்த ஆம்பளைங்க கை காலைக் கழுவிட்டு நேரா சாப்பாட்டுக்கு உக்காந்தாங்க, எண்ணெய் இல்ல, வீக்கம் இல்ல, அழுகையும் இல்ல. செத்தவங்களைப் பத்தின பேச்சு முன்னெல்லாம் வாரக்கணக்குல ஓடும், இப்ப சோத்துக்கை காயுறதுக்குள்ள முடிஞ்சிரும். எளவயசு மகனைப் பறிகொடுத்த நேசம்னு ஒருத்தி மட்டும் கோயில் வாசல்ல என் கையப் பிடிச்சுக்கிட்டு, "என்னத்தைக் கொண்டுபோய் வச்சிட்டு வந்தேன்னே தெரியலக்கா, கை வெறுங்கையாவே போச்சு, வெறுங்கையாவே வந்துச்சு"ன்னா. வாத்தியார் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. அன்னைக்கு ஆராதனையில அவரு தாளம் ரெண்டு இடத்துல தப்புச்சு.

எப்சிபா அவருக்குக் கல்யாணமாகி ரொம்ப வருசம் கழிச்சுப் பிறந்த ஒத்தப் பிள்ளை. ஒன்பது வயசாகியும் தோள்லதான் போவா. பள்ளிக்கூடத்துக்கும் தோள், கோயிலுக்கும் தோள். அவரு சம்சாரம் ஜெபக்கனி, "கழுதை கனம் கனக்கா, இறக்கி விடுங்க எப்சி அப்பா, கழுத்து ஒடிஞ்சிரும்"னு வைவா. அவரு, "நல்லா கனக்கட்டும், கனத்தாத்தான் நம்ம பிள்ளை"ம்பாரு. அந்தக் குட்டி மேல இருந்துக்கிட்டு அவரு வழுக்கையில தாளம் போட்டுப் பாடுவா, ஆர்மோனியத்துல இல்லாத அந்த ஸ்வரத்தைச் சேத்துப் பாடுவா, வாத்தியார், "ஏட்டி, அது நம்மகிட்ட இல்லட்டி"ன்னு சிரிப்பாரு.

பாவிக் காய்ச்சல் ஒண்ணு வந்துச்சு. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. மூளைக்கு ஏறிட்டுன்னாங்க. வேன்ல திரும்பி வந்தப்போ ஜெபக்கனி மடியில துணி சுத்திக் கிடந்தா எங்க எப்சி. பெத்தவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல. அழுதுரும்மான்னு நாங்க எத்தனை பேரு உலுக்கினோம்! அவ எங்களையே பாத்துக்கிட்டு இருந்தா.

பெட்டி எடுக்குறதுக்கு முன்னால வாத்தியார் பாட்டுக்குழுவைக் கூப்பிட்டாரு. ஏழு ஊரு சனம் வாசல்ல நிக்குது, யார் யாரு வீட்டுப் பெட்டியெல்லாம் அவரு பாட்டால லேசாச்சோ அத்தனை பேரும் வந்திருந்தாங்க. அவரு கும்பிட்ட கையோட, "யாரும் பாடாதீங்க"ன்னாரு.

"வாத்தியாரே, உம்ம பிள்ளைக்கு உம்ம பாட்டு இல்லாமலா?"ன்னாரு எலியாசர்.

"பாடுனா அவ எடை போயிரும்வே. இனிமே எனக்கு அவகிட்ட இருந்து வேற என்ன இருக்கு? முகத்தை மூடிருவீங்க, பேச்சு போயிட்டு. எடை ஒண்ணுதான் மிச்சம். கல்லறை வரைக்கும் அதைச் சுமந்துக்கிடுதேன். யாரும் தோள் மாத்த வராதீங்க. என்னை விடுங்க."

எலியாசர் ஒதுங்கி வழி விட்டாரு. ஐயரும் சரின்னுட்டாரு. சின்னப் பெட்டிதானே, வாத்தியார் அதை இடது தோள்ல ஏத்திக்கிட்டு, வலது கையால அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு நடந்தாரு. பக்கத்துல ஜெபக்கனி. பின்னால ஏழு ஊரு சனமும் சத்தமில்லாம. ஆயுசுக்கும் பாடிப் பாடிப் போன பாதையில மணல்ல கால் புதையுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. முதல் மேடு ஏறிட்டாரு. ரெண்டாவது மேட்டுல சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டிப் போச்சு, ஆனா அவரு முகத்தைப் பாத்தீங்கன்னா பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையக் கொண்டுபோற முகம் மாதிரியே இருந்துச்சு, "கனக்கியாட்டி, நல்லாக் கனட்டி"ன்னு முணுமுணுத்துக்கிட்டே போனாரு. மூணாவது மேட்டுல முழங்கால் மடங்கி மணல்ல உக்காந்துட்டாரு. பெட்டிய மட்டும் கீழ விடல. எந்திரிச்சாரு, திரும்பவும் விழுந்தாரு. வாயில நுரை வந்துச்சு.

பாத்துக்கிட்டு இருந்த சனத்துக்குப் பொறுக்கல. யாருக்குத்தான் பொறுக்கும்? தங்கபுஷ்பம் பின்னால ரொம்ப தூரத்துல நின்னா, அவ காதுக்கு வாத்தியார் சொன்னது எட்டவே இல்ல, தன் புருசனை லேசாக்கி அனுப்பின மனுசன் பெத்த பிள்ளைய வச்சுக்கிட்டு மணல்ல தவழுறாரே, பாட்டுக்காரிகளுக்கு என்ன கேடு, வாய அடைச்சுக்கிட்டு நிக்காளுகளேன்னு அவளுக்கு ஆத்திரம், கிழவி தொண்டையக் கனைச்சு, தோள் மாற்ற வாரும் ஐயான்னு எடுத்துட்டா. பக்கத்துல நின்னவங்க சேந்துக்கிட்டாங்க. அத்தனை பேரும் அந்தப் பாட்டால ஆறுதல் பட்டவங்க, அத்தனை பேருக்கும் மனப்பாடம், காத்துல தீப் பிடிச்ச மாதிரி ஏழு ஊரு வாயும் பாட ஆரம்பிச்சிட்டு. நாங்க, "பாடாதீங்க, பாடாதீங்க"ன்னு கையை விரிச்சுக்கிட்டு ஓடுறோம், மணல் விட்டாத்தானே! மூணாவது அடி வந்துட்டு.

வாத்தியார் எந்திரிச்சு நின்னாரு. சும்மா எந்திரிச்சு நின்னாரு. தோள்ல இருந்த பெட்டியத் திரும்பிப் பாத்தாரு, ஒரு கையால இறக்கி, மார்போட வச்சுக்கிட்டு, மெதுவா ஆட்டிப் பாத்தாரு, தூங்குதான்னு பாக்குற மாதிரி. சனம் தானா அடங்கிட்டு. "ஜெபக்கனி, போயிட்டாட்டி"ன்னாரு. ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னப்போகூட அவரு அந்த வார்த்தையச் சொல்லல.

தங்கபுஷ்பத்துக்கு விசயம் தெரிஞ்சதும் ஓடியாந்து அவரு கால்ல விழுந்தா. அவரு அவளைத் தூக்கிவிட்டு, "நீ நல்லதுக்குத்தான் பாடுன தங்கபுஷ்பம்"னாரு. அவளை வைஞ்சிருந்தாக்கூட எங்களுக்குத் தாங்கியிருக்கும்.

அதோட அந்தப் பாட்டை எங்க ஊருல நிறுத்திட்டோம், ஏழு ஊருலயும் நிறுத்திட்டாங்க. யாரும் தீர்மானம் போடல, வாயில வரல, அவ்வளவுதான். பழையபடி எட்டுப் பேரு, பின்னால எட்டுப் பேரு, தோள் மாத்துன்னு கத்தல், ராத்திரி கற்பூர எண்ணெய்.

வாத்தியார் ஆர்மோனியத்தை மூடினவரு திறக்கல. பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் மூணாவது மேட்டுக்குப் போவாரு, முட்டி போட்டு உக்காந்து கையால மணலைத் தோண்டுவாரு. "என்ன வாத்தியாரே தேடுதீங்க?"ன்னு பனையேறிகள் கேட்டா, "எடை இங்கதாம்பா விழுந்துச்சு"ம்பாரு. அது சரிதானேன்னு அவங்களும் நினைச்சாங்க, எடை போச்சுன்னா எங்கேயாவது விழுந்துதானே இருக்கணும்? பதனி இறக்கி முடிச்சதும் அவங்களும் கூட நின்னு கொஞ்ச நேரம் தோண்டிக் குடுத்தாங்க. ஆட்டுக்காரப் பயலுக ஆட்டை அந்தப் பக்கம் மிதிக்க விடல. காத்து அடிச்சுக் குழியை மூடும், மறுநாள் போவாரு. ஜெபக்கனி சொம்புல தண்ணி கொண்டு வந்து பக்கத்துல உக்காந்திருப்பா, அழ மாட்டா, போவோம்னும் சொல்ல மாட்டா.

ஒரு நாள் சாயந்திரம் நான் கிணத்தடியில நிக்கேன், வாத்தியார் தேரியில இருந்து இறங்கி வாறாரு. இடது தோள் தாழ்ந்து, கழுத்து வலது பக்கம் சாய்ஞ்சு, வேர்த்து ஊத்துது, சிரிச்சுக்கிட்டு வாறாரு. பின்னால அவரு காலடியப் பாத்தேன், ரெண்டு ஆளு நடந்த ஆழம். வீட்டு வாசல்ல நின்னு, "கெடச்சிட்டு ஜெபக்கனி"ன்னாரு. அவ கிட்டப் போயி அவரு தோள்ல கை வச்சுப் பாத்தா. வச்ச கையை எடுக்கவே இல்ல.

அன்னைக்கு ராத்திரி அவரு படுத்த கயித்துக் கட்டில் அறுந்துச்சு. எலியாசர் போய்ப் புதுக்கயிறு ரெட்டை மடிப்பாப் போட்டுக் கட்டிக் குடுத்தாரு. எதுக்குன்னு அவரும் கேக்கல, நானும் கேக்கல. வண்டியில அவரு ஏறுனா வண்டிக்காரரு இன்னொருத்தரை ஏத்த மாட்டாரு. கோயில்ல அவரு இடது பக்கத்துல ஒரு ஆளு இடத்தை விட்டுத்தான் உக்காருவோம். சில நாளு ஆராதனை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் ஜெபக்கனி, "கொஞ்ச நேரம் எங்கிட்ட தாங்களேன்"ம்பா. "தோள் மாத்தவா?"ன்னு கேப்பாரு. கோயில் மதில்ல ரெண்டு பேரும் தோளோட தோளு ஒட்டி உக்காந்திருப்பாங்க. எந்திரிச்சுப் போகும்போது பாத்தா வாத்தியார் நிமிர்ந்து நடப்பாரு, ஜெபக்கனி ஒரு பக்கமாச் சாய்ஞ்சு நடப்பா. ஒரு வாரம் அவகிட்ட, ஒரு வாரம் அவருகிட்ட. பெரியாளாகாத பிள்ளை, கனம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அந்த ரெண்டு பேருக்கு மட்டும் வயசு ஏறிக்கிட்டே போச்சு.

போன மார்கழியில வாத்தியார் செத்துட்டாரு, காலையில காப்பி குடிச்ச டம்ளரை வச்சவரு அப்படியே சுவரோட சாய்ஞ்சிட்டாரு. அந்த வாரம் பிள்ளை ஜெபக்கனிகிட்ட இருந்துச்சு. நான் போகும்போது அவ சாய்ஞ்சபடியேதான் வாசல்ல நின்னா, அழல. ஏழு ஊரும் வந்துச்சு, யாரும் பாட்டைப் பத்தி மூச்சு விடல. மூடி போடப் போகும்போது ஐயர், "அம்மா, கடைசியாப் பாத்துக்கிடுங்க"ன்னாரு.

ஜெபக்கனி பெட்டிப் பக்கத்துல முட்டி போட்டா. அவரு முகத்தைப் பாக்கல. குனிஞ்சு, தன் தோளை அவரு இடது தோளோட ஒட்டி வச்சுக்கிட்டு அப்படியே கிடந்தா. எனக்குப் புரிஞ்சிட்டு. அவ கையைப் பிடிச்சு, "ஜெபக்கனி, நீயே வச்சுக்கிடேன், உனக்கு வேற யாரு இருக்கா?"ன்னு காதுல சொன்னேன்.

"எனக்கும் வயசாயிட்டுல்லாக்கா. நான் செத்தா யாரு வாங்குவா? மணல்ல விழுந்து கிடக்கும் பிள்ளை. அவரு கொண்டு போகட்டும்."

பெட்டிப்பலகை நெறுநெறுன்னு முனகுச்சு. அவ எந்திரிச்சு நின்னா, இத்தனை வருசத்துல அவ இவ்வளவு நேரா நின்னு நான் பாக்கல. "மெதுவாத் தூக்குங்க, ரெண்டு பேரு இருக்காங்க"ன்னா.

எட்டுப் பேரால முடியல. பன்னிரண்டு பேரு, பதினாறு பேரு, தோள் மாத்து தோள் மாத்துன்னு, ஏழு ஊரு ஆம்பளைங்களும், பனையேறிகளும், வண்டிக்காரரும், அம்மன் கோயில் தெருக்காரங்களும், தோள் குடுக்காதவன் எவனும் இல்ல. மூணாவது மேட்டுல எல்லாருக்கும் கால் மடங்குச்சு. ஒருத்தரும் பாடல. பெட்டிய மணல்ல பட விடல.

சாயந்திரம் எலியாசருக்கு எண்ணெய் காய்ச்சினேன். தோள்ல கை வச்சதும் மனுசன் சின்னப்பிள்ளை கணக்கா ஏங்கி ஏங்கி அழுதாரு. தெருவுல எந்த வீட்டைக் கடந்தாலும் அன்னைக்குக் கற்பூர வாசமும் அழுகையும்தான். எனக்கு என்ன தோணுச்சோ, மிச்ச எண்ணெயைச் சூடு ஆறாம மூடி எடுத்துக்கிட்டு ஜெபக்கனி வீட்டுக்குப் போனேன். எங்க ஊருல பொம்பளை தோளுக்கு யாரும் எண்ணெய் தேய்ச்சதில்ல. அவ கட்டில்ல உக்காந்திருந்தா, நேரா. பக்கத்துல உக்காந்து அவ ஜாக்கெட்டைத் தோள்ல இருந்து லேசா விலக்கினேன். அங்க ஒன்பது வயசுப் பிள்ளை உக்காந்த அகலத்துக்குத் தோல் காய்ச்சுப் போயிருந்துச்சு.

எண்ணெயத் தொட்டு அதுல வச்சேன். அப்பத்தான் அவ அழுதா.